யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒட்டாவாவில் அமைச்சர். வாணியாறு முகாமில் வளர்ந்தவருக்கு ஓட்டு இல்லை

தீர்த்தமலையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சிக் கூட்டத்தில் நமது தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. முழுவதும் படியுங்கள், பகிருங்கள்.



2025 மே 13-ஆம் தேதி. நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே படம் சுத்திச்சு. கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக ஒரு தமிழர் பதவியேற்றார், கீழே பெரிய எழுத்துல 'தமிழன்டா'. நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன். நீங்களும் அனுப்பியிருப்பீங்க.

ஆறே நாள் கழிச்சு, மே 19. டெல்லியில உச்ச நீதிமன்றம். இலங்கைத் தமிழர் ஒருத்தரோட மனு. உபா சட்டத்துல தண்டனை பெற்றவர், தண்டனை முடிஞ்சதும் நாட்டை விட்டு அனுப்பிடாதீங்கன்னு கேட்டு வந்தவர். உலகம் முழுக்க இருந்து வர்ற அகதிகளுக்கு எல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசாலையா, நாமே 140 கோடிப் பேரோட திணறிக்கிட்டு இருக்கோம் என்கிற பொருளில் நீதிபதிகள் பேசினாங்க. மனு தள்ளுபடி. அந்தச் செய்திக்கு நம்மள்ல யாரும் படம் போடல.

ரெண்டு பேரும் தமிழர்தான். ஒரே தீவுல இருந்து கிளம்பினவங்கதான். ஒருத்தர் வழக்கு, ஒருத்தர் அமைச்சர் பதவி, இதை நேரா ஒப்பிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா இந்த ரெண்டு செய்திக்கும் நடுவுல ஒரு காகிதம் இருக்கு. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல அந்த அமைச்சர் கதை. ஹரி ஆனந்தசங்கரி. கனடாவுல 'கேரி'ன்னு கூப்பிடுவாங்க. 1973-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அப்பா வீ. ஆனந்தசங்கரி, தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் கிளிநொச்சியில இருந்து 1977-ல் இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1983 ஜூலை கலவரம் உங்களுக்குத் தெரியும். அடுத்த மாசமே, ஆகஸ்டுல, இலங்கை அரசு அரசியல் சட்டத்துல ஆறாவது திருத்தம் கொண்டு வந்துச்சு. தனிநாடு கேட்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாதான் உறுப்பினரா இருக்கலாம். கூட்டணி எம்.பி.க்கள் சத்தியம் பண்ண மறுத்தாங்க, பதவி போச்சு. அப்பாவோட நாற்காலி பறிபோன அதே 1983-ல், பத்து வயசு மகன் அம்மாவோட அகதியா கனடா போய்ச் சேர்றார்.

அங்கிருந்து அவர் போன பாதையைச் சும்மா 'உழைத்தார், உயர்ந்தார்'னு நாலு வரியில முடிச்சிடுறாங்க. கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோ, நம்ம ஈழத்து ஜனங்க குவிஞ்சிருக்கிற இடம். கார்ல்டன் பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல், ஆஸ்குட் ஹால்ல சட்டம். தமிழ் இளைஞர் அமைப்பு, வணிகர் அமைப்பு, கனடியத் தமிழ்க் காங்கிரஸுக்குச் சட்ட ஆலோசகர். 2010 ஆகஸ்டுல 492 தமிழர்கள் 'சன் சீ'ங்கிற கப்பல்ல கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தப்போ, அந்த நாட்டு அமைச்சர்களே ஆள்கடத்தல், பயங்கரவாதம்னு பேசினாங்க. எல்லாரையும் பிடிச்சு அடைச்சு வெச்சாங்க. அப்போ அவங்க பக்கம் நின்னு பேசின குரல்கள்ல இவர் குரலும் ஒண்ணு. 2015-ல் ஸ்கார்பரோ ரூஜ் பார்க் தொகுதியில லிபரல் கட்சி வேட்பாளரா ஜெயிச்சார். 2019, 2021, 2025, தொடர்ந்து ஜெயிச்சார். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களா கனடா முழுக்க அறிவிக்கும் தீர்மானம் 2016-ல் அவர் கொண்டுவந்து ஒருமனதா நிறைவேறுச்சு. 2022 மே 18 அன்னைக்கு, அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளா ஏற்கும் தீர்மானமும் அவர் கொண்டுவந்து, ஒருமனதா. 2023-ல் பூர்வகுடி மக்கள் உறவுத்துறை அமைச்சர். 2025 மார்ச்சுல நீதித்துறை, மே மாசம் பொதுப் பாதுகாப்பு.

அவருக்கு முன்னாடியே ஒரு பொண்ணு கதவைத் திறந்து வெச்சிருந்தாங்க. ராதிகா சிற்சபைஈசன். யாழ்ப்பாணத்துல பிறந்து, அஞ்சு வயசுல கனடா போனவங்க. 2011-ல் கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவங்கதான். அவங்க கட்சி வேற, புதிய ஜனநாயகக் கட்சி. ஒரு கட்சிக்கு மட்டும் நாம ஓட்டு வங்கியா இல்லைன்னு அங்க இருக்கிற தமிழர்கள் காட்டினது எனக்குப் பிடிச்ச விஷயம்.

இப்ப கேளுங்க. இதெல்லாம் அவங்க திறமையால மட்டும் நடந்துச்சா?

1985 ஏப்ரல் 4. கனடா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. சிங் வழக்குன்னு பேரு. வழக்குப் போட்டவங்க பெரும்பாலும் இந்தியாவுல இருந்து போன சீக்கியர்கள், அது ஒரு வேடிக்கை. கனடா மண்ணுல கால் வெச்ச எவரா இருந்தாலும், புகலிடம் கேட்டா, அவரை நேர்ல உட்கார வெச்சுக் கேட்காம அனுப்பக் கூடாது. அதுதான் தீர்ப்பு. அடுத்த வருஷம், 1986 ஆகஸ்டுல, நியூபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு உயிர்காப்புப் படகுல 155 தமிழர்கள் மிதந்துக்கிட்டு இருந்தாங்க. மீன் பிடிக்கப் போன உள்ளூர் ஆளுங்க பார்த்துக் கரை சேர்த்தாங்க. எங்கிருந்து வர்றோம்னு அவங்க முதல்ல சொன்ன கதைகூட உண்மையில்ல, ஜெர்மனியில இருந்து கப்பல் ஏறி வந்தவங்க. அதுக்காகத் திருப்பி அனுப்பல. தங்க அனுமதி கொடுத்தாங்க. அகதின்னு ஏத்துக்கிட்டா நிரந்தரக் குடியிருப்பு, சில வருஷம் கழிச்சுக் குடியுரிமை, குடியுரிமை வந்தா ஓட்டு, ஓட்டு இருந்தா தேர்தல்ல நிக்கலாம். இது ஒரு ஏணி. முதல் படி இருந்ததாலதான் ஹரி ஆனந்தசங்கரி கடைசிப் படிக்குப் போனார்.

நார்வேல ஏணி இன்னும் தாழ்வா இறங்கி வருது. ஹம்சாயினி குணரத்தினம்னு ஒருத்தங்க. 1988-ல் பிறந்து, மூணு வயசுல பெற்றோரோட இலங்கையில இருந்து போய், வடகோடியில ஹாமர்ஃபெஸ்ட்ங்கிற ஊர்ல வளர்ந்து, பிறகு ஆஸ்லோ வந்தவங்க. அந்த நாட்டுல மூணு வருஷம் சட்டப்படி குடியிருந்தாலே போதும், குடியுரிமை இல்லாதவங்ககூட உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். கட்சிக்காரன் உங்க வீட்டுக் கதவைத் தட்டுறதுக்கு அதுவே போதும், இல்லையா? இவங்க 19 வயசுலயே ஆஸ்லோ நகர மன்ற உறுப்பினர். 2011 ஜூலை 22-ல் உட்டோயா தீவுல தொழிலாளர் கட்சி இளைஞர் முகாமுக்குள்ள ஒரு இனவெறியன் புகுந்து 69 பேரைச் சுட்டுக் கொன்னானே, அந்த முகாம்ல இவங்களும் இருந்தாங்க. தண்ணியில குதிச்சு நீந்தித் தப்பிச்சாங்க. அரசியலை விட்டு ஓடல. 2015-ல் ஆஸ்லோ துணை மேயர், 2021-ல் நாடாளுமன்றம்.

சரி, வெளிநாட்டுப் பெருமை போதும். நம்ம நாட்டுக்கு வருவோம். அகதியா வந்தவர் இந்தியாவுல பெரிய பதவிக்கு வர முடியாதான்னு கேட்டா, பிரதமராவே வந்திருக்காங்க. ரெண்டு பேர். ஐ.கே.குஜ்ரால் 1919-ல் ஜீலம்ல பிறந்தவர். மன்மோகன் சிங் 1932-ல் காஹ்ங்கிற கிராமத்துல பிறந்தவர். ரெண்டு ஊரும் இப்போ பாகிஸ்தான்ல இருக்கு. பிரிவினையில உடுத்த துணியோட வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள்ல அவங்க குடும்பமும் உண்டு. மன்மோகன் சிங்கை 'நீ எந்த முகாம், உன் பதிவு அட்டை எங்க'ன்னு யாரும் கேட்கல. ஏன்னா நம்ம அரசியல் சட்டம் ஆறாவது பிரிவுல, 1948 ஜூலை 19-க்கு முன்னாடி வந்து குடியேறினவங்களை இந்தியக் குடிமக்கள்னு ஒரே வரியில சேர்த்துக்கிச்சு. அதுக்கப்புறம் வந்தவங்களுக்கும் பதிவு பண்ணிக்க வழி இருந்துச்சு. கராச்சியில பிறந்த எல்.கே.அத்வானிக்கும் அதே சட்டம்தான் வாசல். துணைப் பிரதமர் வரைக்கும் போனார். அவர் உள்துறை அமைச்சரா இருந்தப்போ கொண்டுவந்த 2003 குடியுரிமைத் திருத்தச் சட்டம்தான் 'சட்டவிரோதக் குடியேறி'ங்கிற முத்திரையைக் குழந்தைங்க தலையிலயும் குத்துச்சு. பெற்றோர்ல ஒருத்தர் அந்த முத்திரைக்காரரா இருந்தா, இந்தியாவுலயே பிறந்தாலும் குழந்தை குடிமகன் இல்லை. எப்படி இருக்கு பாருங்க.

இப்ப நம்ம மாவட்டம். வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, கேசர்குளி, தும்பலஅள்ளி. இதெல்லாம் அணை பேருன்னு சொல்வீங்க. ஒவ்வொரு அணைப் பக்கத்துலயும் ஒரு முகாம் இருக்கு. 1983-ல இருந்து மூணு லட்சத்துக்கும் மேல ஈழத்தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தாங்க. 2021-ல் சட்டமன்றத்துல சொன்ன கணக்குப்படி 108 முகாம்கள்ல 58,822 பேர், முகாமுக்கு வெளியில பதிவு செஞ்சு இருக்கிறவங்க 34,087 பேர். பாதிப் பேருக்கு மேல இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களைத்தான் நீங்க முகாமுக்குப் போனா பார்ப்பீங்க. அவங்க பேசுற தமிழ்ல ஈழமும் இருக்கும், தர்மபுரியும் இருக்கும். கொழும்பு எந்தத் திசைன்னு கேட்டா கைகாட்டத் தெரியாது.

என்கூட இன்ஜினியரிங் படிச்சவர்ல ஒருத்தர் முகாம் பையன். எனக்கு அரியர் விழுந்த பேப்பர்ல அவர் தொண்ணூறு எடுத்தவர். இன்டர்வியூ மூணு ரவுண்டும் முடிச்சிட்டார். கடைசியில பாஸ்போர்ட் நகல் கேட்டாங்க. அத்தோட முடிஞ்சுது. இப்போ பெயிண்ட் அடிக்கப் போறார், அவங்க அப்பா செஞ்ச அதே வேலை. அவரை எந்தத் தேர்தல்லயும் நிக்கச் சொல்லி நாம கேட்க முடியாது. வார்டு உறுப்பினராக்கூட.

போன நவம்பர்ல எஸ்.ஐ.ஆர். படிவத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சோம் இல்ல? பழைய பட்டியல்ல அப்பா பேர் இருக்கா, தாத்தா பேர் இருக்கா, எழுத்துப்பிழை இருக்கான்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்போன் வெளிச்சத்துல தேடினோம். சொந்த ஊர்ல, சொந்த வீட்டுல இருக்கிற ஜனங்க முகத்துல அன்னைக்கு ஒரு பயம் தெரிஞ்சுது. முகாம்ல இருக்கிறவங்க நாப்பது வருஷமா அந்தப் பயத்தோடதான் இருக்காங்க. பூத் வேலை பார்க்கிற நமக்கு இது நல்லா புரியும். பட்டியல்ல பேர் இல்லாத தெருவுக்கு எந்தக் கட்சி ஜீப்பும் போகாது. குழாய்ல தண்ணி வரலன்னா, ஓட்டுக் கேட்டு வர்றவன்கிட்ட சண்டை போடலாம். வர்றவனே இல்லைன்னா யார்கிட்ட சண்டை போடுறது?

இது இலங்கையிலயே நடந்து முடிஞ்ச கதை. 1947 தேர்தல்ல தேயிலைத் தோட்டத் தமிழர்கள் ஓட்டால இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயிச்சது. நம்ம தமிழ்நாட்டுல பிறந்து போன சௌமியமூர்த்தி தொண்டமான் அதுல ஒருத்தர். 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷம் ஓட்டுரிமையையும் எடுத்தாங்க. 1952 தேர்தல்ல அந்த ஏழும் போச்சு. ஓட்டுப் போட்டு ஜெயிச்சு அவர் திரும்ப உள்ள போக 1977 ஆச்சு. முப்பது வருஷம். இடையில 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. பிரிக்கப்படுற ஜனங்களுக்குச் சபையில ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள் ஒருத்தர்கூட இல்லை. கேட்காமலேயே பிரிச்சாங்க.

'டெல்லியில நீங்களும் பல வருஷம் கூட்டணியில இருந்தீங்களே, ஏன் வாங்கித் தரல?'ன்னு கமெண்ட்ல கேட்பாங்க. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். 2009-ல் காஞ்சிபுரத்துல நடந்த அண்ணா நூற்றாண்டு விழாவுலயே குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது கழகம். கிடைக்கல. இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்னு சொல்றவங்க நம்ம கட்சிக்குள்ளயே இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன். ஆனா 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தப்போ நடந்தது வேற. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டைச் சொல்லி, இலங்கையை விட்டுட்டாங்க. முகாம்ல இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்துக்கள்தான், இந்துக்களுக்காகன்னு சொன்ன சட்டத்துலயே அவங்களுக்கு இடமில்ல. அதுக்கு மாநிலங்களவையில கை தூக்கினது அ.தி.மு.க. 2021 செப்டம்பர் 8-ல் அந்தச் சட்டத்துக்கு எதிரா நம்ம சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான், ஆகஸ்ட் 27-ல் முதலமைச்சர் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு முகாம் திட்டத்தை அறிவிச்சார். 7,469 வீடுகள், பொறியியல் சேர்ற முதல் 50 பிள்ளைங்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம். அகதிகள் முகாம்ங்கிற பேரும் மறுவாழ்வு முகாம்னு மாறுச்சு. மாநில அரசு கையில இருக்கிறது வீடும் படிப்பும் பேரும்தான். காகிதம் ஒன்றிய அரசு கையில. 2025 செப்டம்பர்ல ஒன்றிய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு. 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட் விசா இல்லாம இருக்கிறதுக்குத் தண்டனை கிடையாதுன்னு. நல்லது, வரவேற்கலாம். ஜெயில்ல போட மாட்டோம்னு சொல்றதும், உள்ள வான்னு சொல்றதும் ஒண்ணில்ல.

ஹரி ஆனந்தசங்கரியைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா நான் படத்துக்கு வசனம் எழுதின மாதிரி ஆயிடும். 2025 ஜூன் 3-ல் அவரே கனடா நாடாளுமன்றத்துல ஒரு எல்லைப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். நாட்டுக்குள்ள வந்து ஒரு வருஷம் தாண்டினவங்க புகலிடம் கேட்டா, அது அகதிகள் வாரிய விசாரணைக்கே போகாதுன்னு அதுல ஒரு பிரிவு. அகதிகளுக்காக வேலை செய்யுற அமைப்புகள் கடுமையா எதிர்த்தாங்க. அதே மாசம், விடுதலைப் புலிகள் சம்பந்தப்பட்ட முடிவுகள்ல இருந்து ஒதுங்கிக்கிறேன்னும் அறிவிச்சார். பத்து வயசுல அகதியா இறங்கினவர் இப்படிச் செய்யலாமான்னு எனக்குக் கோபம் வந்துச்சு. செய்யறார். அமைச்சரவைன்னா அப்படித்தான் போல. ஆனா ஸ்கார்பரோவுல இருக்கிற தமிழ்க்காரர் ஒருத்தருக்கு அது பிடிக்கலைன்னா, அவரோட அலுவலகத்துக்குப் போய் மேஜையைத் தட்டிக் கேட்கலாம், அடுத்த தேர்தல்ல மாத்திக் குத்தலாம். வாணியாறுல இருக்கிறவருக்கு ரெண்டுமே இல்லை.

நம்ம மலைக்கு வர்ற பக்தர்களைக் கேட்டா ஒரு கதை சொல்வாங்க. இலங்கையில போர் முடிஞ்சு திரும்பின ராமன் இங்க பூசை பண்ண நின்னப்போ, தண்ணி வரத் தாமதமாச்சாம், பாறையில அம்பு விட்டாராம், ராமர் தீர்த்தம் வந்துச்சாம். நான் பெரியார் படிச்சவன், கதையை எடுத்துக்கிறது அவங்கவங்க விருப்பம். இலங்கையில இருந்து வந்தவருக்கு அன்னைக்கே தண்ணி கொடுத்த ஊர்ங்கிற பெருமை மட்டும் நமக்கு வேணும்னா எப்படி?

இப்போ வேலை. தயவுசெய்து குறிச்சுக்கோங்க.

நம்ம சட்டத்துல ஒரு கதவு இன்னும் மூடாம இருக்கு. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவர், பெற்றோர் யாரா இருந்தாலும், பிறப்பால இந்தியக் குடிமகன். 1983-ல் வந்த குடும்பங்கள்ல அந்த நாலு வருஷத்துக்குள்ள இங்க பிறந்தவங்க இருக்காங்க. இப்போ அவங்களுக்கு 38-லிருந்து 42 வயசு இருக்கும். 1986-ல் மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தாங்க. 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 2024 ஏப்ரல் 19 அன்னைக்குத் திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்து போய் அவங்க ஓட்டுப் போட்டாங்க. முகாம்வாசி ஒருத்தர் போட்ட முதல் ஓட்டுன்னு பத்திரிகையில எல்லாம் வந்துச்சு.

நம்ம மாவட்டத்து முகாம்கள்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்கணும். கேட்க வேண்டியது பிறந்த வருஷம், பிறந்த இடம், ஆஸ்பத்திரிச் சீட்டு அல்லது பிறப்புச் சான்று இருக்கா, முகாம் பதிவு அட்டையில என்ன தேதி இருக்கு. போட்டோ எடுத்து குரூப்ல போடக் கூடாது, அது அவங்க சொந்த விவரம். யாருக்கும் 'வாங்கித் தந்துடுறேன்'னு வாக்குக் கொடுக்காதீங்க. பேப்பர் சரியா இருக்கிறவங்களை வழக்கறிஞர் அணிகிட்ட கொண்டு போறதுதான் நம்ம வேலை. பாஸ்போர்ட் விண்ணப்பமா, படிவம் 6-ஆ, நீதிமன்றமான்னு அவங்க சொல்வாங்க. முகாமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வருவாய்த்துறையில சொல்லிட்டுப் போங்க. கணக்கெடுப்புக்கு அதிகாரி வர்ற நாள்ல போகாதீங்க, அன்னைக்கு அவங்க வரிசையில நிக்கணும். பெயிண்ட் வேலைக்குப் போறவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வீட்டுல இருப்பாங்க.

முதல்ல வாணியாறு. அரூர்ல இருந்து வர்றவங்க பாப்பிரெட்டிப்பட்டி வழியா வாங்க. கொடி, துண்டு, பேட்ஜ் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். வர முடிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுத்துட்டுப் போங்க.